காட்டாத ஃபைலும் கசியும்

நிறுவனங்களுக்குள் பயன்படும் தேடுபொறிகளை அமைத்துக்கொடுப்பது என் வேலை. எல்லா ஃபைல்களையும் ஒரே பெட்டியில் தேட வைப்பதில் பெரிய சிரமம் இல்லை. யார் தேடினால் எது வரலாம் என்பதில்தான் நேரமெல்லாம் போகும்.

பலருக்கும் முதலில் தோன்றும் வழி, தேடி முடித்த பிறகு அனுமதி இல்லாதவற்றைக் கழித்துவிடுவது. ஒவ்வொரு ஃபைலுக்கும் அது இருக்கும் மூல சர்வரிடமே ‘இவர் பார்க்கலாமா’ என்று கேட்பதால் பதில் பழையதாக இருக்காது. ஆனால் மெதுவாக நடக்கும். பக்கத்தில் இரண்டே முடிவுகள் மிஞ்சியிருக்க, மேலே ‘மொத்தம் 340’ என்று நிற்கும்.

எனக்குப் பயமே அந்த 340தான். ஒரு அலுவலகத்தில் ஒருவர் ‘ஆள்குறைப்பு’ என்று தேடினார். ஒரு முடிவும் வரவில்லை. ஆனால் பக்கவாட்டில் ‘நிதித் துறை 6, இந்த மாதம் 6’ என்று இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் மாடி முழுக்க அதே பேச்சு. யாரும் எந்த ஃபைலையும் திறக்கவில்லை! தட்டச்சு செய்யும்போது வரும் பரிந்துரைகளும் இதே மாதிரி காட்டிக்கொடுக்கும்.

அதனால் நான் இன்டெக்ஸ் செய்யும்போதே, அதாவது தேடுவதற்கான அட்டவணையைத் தயாரிக்கும்போதே, ஒவ்வொரு ஃபைலோடும் அதைப் பார்க்கக்கூடிய குரூப்களின் அடையாளத்தைச் சேர்த்து வைப்பேன். தேடுபவர் எந்தெந்த குரூப்களில் இருக்கிறார் என்பதை ஊழியர்களின் கணக்குகளும் குரூப்களும் பதிவாகியிருக்கும் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து அந்த நேரத்தில் எடுத்து, கேள்வியோடு வடிகட்டியாகச் சேர்ப்பேன். எண்ணிக்கை, பரிந்துரை எல்லாமே இந்த வடிகட்டியைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒருவரை குரூப்பிலிருந்து எடுத்தால் அடுத்த தேடலிலேயே தெரிந்துவிடும். ஒரு பெரிய ஃபோல்டரின் அனுமதியை மாற்றினால்தான் தலைவலி: உள்ளே உள்ள அத்தனை ஃபைல்களின் அனுமதி விவரத்தையும் இன்டெக்ஸில் புதுப்பிக்க வேண்டும். அந்த இடைவெளிக்காக, திரையில் வரப்போகும் முடிவுகளை மட்டும் மூல சர்வரிடம் இன்னொரு முறை சரிபார்க்கிறேன்.

சரி, இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை இருக்கிறது. முடிவுகளை வரிசைப்படுத்தும்போது அரிதான சொல்லுக்குத் தேடுபொறி அதிக மதிப்பெண் தரும். அரிதா இல்லையா என்பதை எல்லா ஃபைல்களையும், நமக்குக் காட்டாதவற்றையும் சேர்த்தே கணக்கிடும். சொந்த ஃபைல்களைச் சேர்த்து, வரிசை எப்படி மாறுகிறது என்று கவனித்தால், மறைந்திருக்கும் எத்தனை ஃபைல்களில் ஒரு சொல் இருக்கிறது என்று கணித்துவிடலாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூட்ச்சரும் கிளார்க்கும் 2005லேயே இதைக் காட்டினார்கள். பலரும் பயன்படுத்தும் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியில் ஃபைல் அளவிலான பாதுகாப்பை இயக்கினாலும் மதிப்பெண் முழு இன்டெக்ஸையும் வைத்துத்தான் போடப்படுகிறது. அதன் கையேடே அப்படிச் சொல்கிறது. மிகவும் ரகசியமானவற்றுக்கு நான் தனி இன்டெக்ஸ் கேட்பது இதனால்தான்.

இன்னொரு பிரச்சினையை எந்த வடிகட்டியாலும் தீர்க்க முடியாது. நிறுவனங்கள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயிண்ட்டில் ‘வெளியாட்கள் தவிர எல்லோரும்’ என்று ஒரு குரூப் உண்டு. அவசரத்துக்கு அதைக் கொடுத்துவிட்டு மறந்துபோன சம்பளப் பட்டியலை, தேடுபொறி ‘அனுமதியோடு’தான் எடுத்துக் காட்டும். நிறுவன ஃபைல்களைத் தேடிப் பதில் சொல்லும் மைக்ரோசாஃப்ட்டின் ஏஐ உதவியாளர் கோபைலட் வந்த பிறகு இது பலருக்கும் தெரியவந்தது. மைக்ரோசாஃப்ட் 2024ல் தேடலை அதிகபட்சம் 100 ஷேர்பாயிண்ட் தளங்களுக்குள் கட்டுப்படுத்தும் வசதியைத் தந்தது. அது தற்காலிக ஏற்பாடு என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். எனவே இப்போது எந்த வேலையைத் தொடங்கினாலும், இன்டெக்ஸ் செய்வதற்கு முன்பே அந்த குரூப்புக்குத் திறந்திருக்கும் ஃபோல்டர்களின் பட்டியலைத் துறைத் தலைவர்களிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்குகிறேன்.