உடைந்தது, உடைத்தது

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, 1997இல் அக்கராயன் பக்கம் கிடுகுக் கொட்டில்களில் நாங்கள் படித்த நாட்களில், தமிழ் ஆசிரியரின் மேசையில் அட்டை கழன்ற அகராதியொன்று எப்போதும் இருக்கும். பொருளாதாரத் தடையால் கொப்பித் தாளைக்கூட எண்ணி எழுதிய காலம் அது. வகுப்பு முழுவதற்கும் அந்த ஒரு புத்தகந்தான்.

மாரிமழை பற்றிய கட்டுரையில் நான் "பெருமழையால் குளக்கட்டு உடைத்தது" என்று எழுதியிருந்தேன். "வெள்ளம் உடைச்சுப் பாயுது" என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது பிழையாகப் படவில்லை. ஆசிரியர் சிவப்புக் கோடு கீறவில்லை. "தம்பி, நீர் எழுதின கட்டு எதை உடைத்தது? அகராதியை எடுத்துப் பாரும்" என்றார்.

உடுப்பைக் குறிக்கும் உடை, முள்மரத்தைக் குறிக்கும் உடை, உடைதல், உடைத்தல் என நான்கு பதிவுகள் அங்கே இருந்தன. பொருளுக்குத் தாவிய என் விரலைத் தடுத்து, தலைச்சொல்லுக்கு அருகிலிருந்த இலக்கணக் குறிப்பை முதலில் வாசிக்கச் செய்தார். உடைதல் செயப்படுபொருள் குன்றிய வினை; "எதை" என்று கேட்க அதில் இடமில்லை. உடைத்தல் குன்றா வினை. ஆகவே கட்டு உடைந்தது என்றோ, வெள்ளம் கட்டை உடைத்தது என்றோதான் எழுதலாம். பின்னாளில், 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் திறந்தபோது, உடைதலுக்கு 4, உடைத்தலுக்கு 11 என, வினை எந்த வகையில் திரியும் என்பதைக் காட்டும் எண்களே இடப்பட்டிருந்ததைக் கண்டு, அந்தக் கொட்டிலில் நின்றவன் போலானேன்.

பொருள் சரியாக இருந்தும் வழக்கு மாறலாம் என்பதையும் அவரே காட்டினார். "அப்பா என்னைப் பேசினார்" என்றால் நமக்கு ஏசினார் என்பதே பொருள். தமிழ்நாட்டு வாசகருக்கு அது விளங்காது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, தன் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கை வழக்குகளைத் தனிக் குறியிட்டு, எடுத்துக்காட்டு வாக்கியங்களுடன் தந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், இதை அவர் கையில் கொடுக்க முடியவில்லையே என்று மனம் நோகிறது.

ஏனெனில் அந்த வேலையை அவர் தனியாகச் செய்துகொண்டிருந்தார். தம் அகராதியில் காணாத வன்னிச் சொற்களை ஓரவெளியில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். வகர வரிசைப் பக்கமொன்றில் நான் கண்ட குறிப்பு இன்னும் நினைவிலிருக்கிறது: "வான் பாய்தல். குன்றிய வினை. குளம் நிரம்பி மேலதிக நீர் வழிதல். அக்கராயன் குளம் நேற்றிரவு வான் பாய்ந்தது."