உனக்குப் பதிலா யாரு வருவா?

எங்கள் வார்டில் டியூட்டி லிஸ்ட் சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டப்படும். ஒட்டிய கொஞ்ச நேரத்தில் அதன் படம் எல்லோருடைய போனிலும் இருக்கும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் யாரும் யாரோடும் சரியாகப் பேசமாட்டார்கள். கேட்ட ஆஃப் கிடைத்தவள் சந்தோஷத்தை வெளியில் காட்டிக்கொள்ளமாட்டாள். கிடைக்காதவள் "அவளுக்கு மட்டும் எப்படி?" என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். பல வருடம் அந்த லிஸ்டைப் பார்த்து நொந்துபோனவள் நான். இப்போது இன்சார்ஜ் சிஸ்டராக அதை எழுதுகிறவளும் நானே. வேலூரைச் சுற்றியிருக்கும் தனியார் மருத்துவமனைகளில் ஒன்று, அவ்வளவு போதும்.

லீவு கிடைப்பதும் கிடைக்காததும் இன்சார்ஜின் மனசைப் பொறுத்தது என்றுதான் ஸ்டாஃப் நினைப்பார்கள். மனசுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பங்கு ஆள் எடுக்கும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. சாதாரண வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 30 படுக்கைக்கு ஒரு ஷிஃப்டில் 5 பேர், மூன்று ஷிஃப்டுக்கு 15 பேர். அதோடு நிற்கவில்லை. வார ஆஃப், லீவு, உடம்பு சரியில்லாமல் போவது இதற்கெல்லாம் 30 சதவீதம் பேரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆகமொத்தம் ஏறக்குறைய 20 பேர். எங்கள் வார்டில் இருப்பது 12 பேர், அதிலும் ஒருத்தி பிரசவ லீவில். அந்த 30 சதவீதம்தான் எங்கள் லீவு. அதை யாரும் வேலைக்கு எடுக்கவே இல்லை. இல்லாத ஒன்றை இன்சார்ஜ் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பாள்? இன்னொருத்தியின் ஆஃபிலிருந்துதான்.

அதனால்தான் லீவு கேட்டதும் "எதுக்கு?" என்ற கேள்விகூட வராது. "உனக்குப் பதிலா யாரு வருவா?" என்பதுதான் முதலில் வரும். ஆள் பிடிக்கிற வேலை லீவு கேட்கிறவள் தலையில் விழும். அவள் ஹாஸ்டல் ரூம் ரூமாகப் போய், "அக்கா, என் நைட்டை நீங்க பாருங்கக்கா, உங்க ரெண்டு ஈவ்னிங்கை நான் பாக்கறேன்" என்று கெஞ்சுவாள். இது நிர்வாகம் செய்யவேண்டிய வேலை. எங்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலாக மாறிப்போனதில் நிர்வாகத்துக்குத்தான் லாபம். கோபமெல்லாம் மாற்றிக்கொள்ள மறுத்த அக்கா மேல்தான் திரும்புகிறது. ஆள் எடுக்காதவர் பெயரே பேச்சில் வராது.

காரணங்களுக்கு ஒரு தராதரம் உண்டு. சொந்தத் தம்பி கல்யாணம் என்றால் லீவு. நிச்சயதார்த்தம் என்றால் ஒரு நாள் ஆஃப். காது குத்து என்றால் "மார்னிங் முடிச்சுட்டு ஓடு." சும்மா வீட்டில் இருக்கவேண்டும், தூங்கவேண்டும் என்று கேட்ட ஒருத்தியையும் நான் இதுவரை பார்க்கவில்லை. அதைக் காரணமாகச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். நைட் என்பது சாயங்காலம் ஏழரையிலிருந்து காலை ஏழரை வரை, பன்னிரண்டு மணி நேரம். முடித்துவிட்டு வெயிலில் காட்பாடிக்கோ குடியாத்தத்துக்கோ பஸ் பிடித்துப் போய்ப் படுக்கும் அந்தப் பகலையே சில இடங்களில் வார ஆஃபாகக் கணக்கு வைக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் பகலில் தூங்கிப் பார்த்தவர்களுக்கு அது ஓய்வா என்று தெரியும்.

காய்ச்சல் கதை இன்னும் வேடிக்கை. மற்ற வேலையில் இருப்பவர்கள் போன் செய்து "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். நாங்கள் சொன்னால், "நேரா இங்க வந்துடும்மா, டாக்டர் பாக்கட்டும்" என்பார்கள். வந்தால் ஊசி போட்டு, ஸ்டாஃப் ரூமில் ஒரு டிரிப் ஏற்றி, காய்ச்சல் இறங்கியதும் "ஹேண்ட் ஓவர் வரைக்கும் மட்டும் பாத்துக்கோ" என்பார்கள், அதாவது அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்கும் வரை. மழைக்காலத்தில் டெங்கு வந்து படுக்கையெல்லாம் நிரம்பும்போது இது சாதாரணம்.

பண்டிகைகளை மட்டும் எங்கள் பெண்கள் தாங்களாகவே ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பெண்களுக்கு ரம்ஜான், கிறிஸ்தவப் பெண்களுக்கு கிறிஸ்துமஸ், மற்றவர்களுக்குப் பொங்கல், ஆடிக் கிருத்திகை. ஒருவர் பண்டிகையை இன்னொருவர் தாங்கிக்கொள்வார்கள், எழுதிவைக்காமலேயே கடன் தீர்ந்துவிடும். இடிப்பது வைகாசி ஒன்று. அன்றைக்குக் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மன் சிரசு ஊர்வலமாக வந்து கோயிலில் உடலோடு பொருந்துவதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் வரும். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களெல்லாம் தாய்வீட்டுக்கு வரும் நாள். எங்கள் வார்டில் பாதிப்பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். "இன்னா சிஸ்டர், வருஷத்துல ஒரு நாளுதானே" என்று ஆளுக்கொரு பக்கம் நின்று கேட்டால் என்ன சொல்வது? போன வருடம் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அதிலும் ஒருத்தி அழுதாள்.

பிரசவ லீவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 2017-இல் சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 வாரமாக்கினார்கள், முதல் இரண்டு குழந்தைகளுக்கு. நல்ல சட்டம். ஆனால் அந்த 26 வாரத்துக்கு மாற்று ஆள் போடாவிட்டால் சட்டத்தின் சுமை மொத்தமும் கூட வேலை பார்க்கிறவர்கள் மேல் இறங்குகிறது. ஐந்து மாதம் என்று ஒருத்தி சொன்னதும் வாழ்த்து சொல்கிற வாயே, "அப்போ நைட்டு யாரு பாக்கறது?" என்றும் கேட்கிறது. பிள்ளை பெறப் போகிறவளைக் குற்றவாளிபோல நிற்கவைக்கிறோம். சில பெண்கள் இதற்கெல்லாம் பயந்து வேலையையே விட்டுவிட்டு, பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் புது ஸ்டாஃபாகத் திரும்பிவந்து சேர்கிறார்கள். சர்வீஸ் போச்சு, சம்பளமும் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். எங்கள் தொழிலில் கேட்டவுடன் கிடைக்கிற நீண்ட லீவு ராஜினாமாதான்.

2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் மருத்துவமனை நர்சுகள் பற்றி ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு சொன்ன 20,000 ரூபாய் மாதச் சம்பளம் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட அதற்குக் கீழே கொடுக்கக்கூடாது என்றார்கள். லீவு, வேலை நேரம், போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் அரசு நர்சுகளுக்கு இணையாக இருக்கவேண்டும் என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் ஸ்டாஃபே நம்பமாட்டேன் என்கிறார்கள். சம்பளத்துக்குப் பேசும் அளவுக்கு நாங்கள் லீவுக்குப் பேசுவதில்லை என்பது என் குறை.

நிர்வாகத்தைக் கேட்டால் "ஆள் கிடைக்கமாட்டேங்குது சிஸ்டர்" என்கிறார்கள். இந்த ஊரில் இதை எப்படிச் சொல்ல மனசு வருகிறதோ. சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் நர்சிங் பள்ளி தொடங்கிய ஊர் இது. இன்று நர்சிங் படித்த பெண் இல்லாத தெருவைத் தேடவேண்டும். ஆட்கள் வருகிறார்கள், நிற்பதில்லை. அரபு நாட்டுக்குப் போகிறார்கள், அரசு வேலைக்கு எழுதுகிறார்கள். போகிறவர்களைக் கேட்டால் சம்பளத்துக்கு அடுத்தபடி சொல்வது லீவைத்தான். லீவு இல்லாததால் போகிறார்கள், போனதால் இருப்பவர்களுக்கு லீவு இல்லை.

போன மாதம் படுக்கை எண்ணிக்கை, ஆள் எண்ணிக்கை, திரும்பிவந்த லீவு விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் கொடுத்தேன். மூன்று பேர் கேட்டதற்கு ஒருத்தி வந்திருக்கிறாள், சோளிங்கர் பக்கத்துப் பெண், வேலையில் சுறுசுறுப்பு. சேர்ந்த இரண்டாவது வாரமே தயங்கித் தயங்கி வந்து நின்றாள். அரசு மருத்துவமனை வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு எழுதவேண்டுமாம், அன்றைக்கு ஆஃப் வேண்டுமாம். பாஸானால் போய்விடுவாள் என்று தெரியும். லிஸ்டில் அவளுக்கு ஆஃப் போட்டுவிட்டேன். அன்றைய மார்னிங்கை நான் பார்க்கிறேன்.