கோட்டுவாத்தியத்துக்குக் கம்பி தேடியபோது

தாத்தா எனக்கு விட்டுச் சென்ற கோட்டுவாத்தியத்தில், அதாவது வீணை போலிருந்தும் மெட்டுகள் இல்லாத வாத்தியத்தில், 21 தந்திகள் உண்டு. 'கோடு' என்னும் உருளைக் கட்டையைத் தந்திமேல் வைத்து இழைத்து வாசிப்பதற்கு மேலே ஆறும், தாளத்துக்குப் பக்கத்தில் மூன்றும், விரல் படாமலே கூடச் சேர்ந்து அதிர்வதற்கு அடியில் 12 மெல்லிய தந்திகளும் இருக்கின்றன. குளச்சலில் எங்கள் வீடு கடலை ஒட்டியிருப்பதால், உப்புக்காற்று பட்டு அடித்தந்திகள் செம்பழுப்பாகித் தொட்டாலே அறுந்தன. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் நாளுக்குள் வாத்தியத்தைப் பேச வைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வீணைத் தந்தி கிடைக்கும் கடைகளில்கூடக் கோட்டுவாத்தியத்துக்கென்று தனியாக இல்லை. வீணை செட்டுகளாக வாங்கி 21 தந்திகளையும் நிரப்புவது என் கைக்கு எட்டாத செலவு. கிட்டாரின் மெல்லிய எஃகுத் தந்தியும் நல்ல எஃகுதான் என்றாலும், அது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமே வருவதால், அடித்தந்திகள் சிலவற்றுக்குப் போதுமானதாக இருந்ததே தவிர, மேல்தந்திக்குப் பிருடை (தந்தியை முறுக்கும் முளை) வரை எட்டவில்லை. பிறகு நாகர்கோவிலில் ஓர் இரும்புக்கடையில் 'எல்லாம் ஒரே கம்பிதான்' என்று சொல்லிக் கொடுத்ததை நம்பிக் கட்டினேன். அது கட்டுக்கம்பி. முறுக்க முறுக்க நீண்டுகொண்டே போனது. சுருதி ஒரு கீர்த்தனை முடியும்வரைகூட நிற்கவில்லை.

வழிகாட்டியவர் ஸ்பிரிங் சுற்றும் பட்டறையில் இருந்த பெரியவர். ஒரு துண்டை வளைத்து விட்டுக் காட்டினார். அது துள்ளி நிமிர்ந்தது. "மக்கா, வளைச்சா மடங்காம திரும்பி நிமிரணும், அதுதான் ஒனக்கு வேணும்" என்றார். கார்பன் மிகுந்த இந்த எஃகுதான் பியானோவுக்கும் போகிறது. பழைய தந்தியின் துருப்பிடிக்காத நுனியை மைக்ரோமீட்டரில் அளந்தபோது 0.30 மில்லிமீட்டர் காட்டியது. அந்தத் தடிமனில் 100 கிராம் கம்பி சுமார் 180 மீட்டர் வரும். தந்தி ஒன்றுக்கு ஒன்றரை மீட்டர் வெட்டினாலும் 120 தந்திகள்!

தடிமனை அளக்காமல் வாங்கக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 0.30-க்குப் பதிலாக 0.33 கட்டினால், அதே சுருதிக்கு இழுவிசை 21 விழுக்காடு கூடிவிடும். தாத்தா காலத்துப் பலாமரம் அதைத் தாங்க வேண்டிய அவசியம் என்ன? தாழ்ந்த சுருதித் தந்திகளான மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும், மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பியே வேண்டும் என்பதால், அந்த இரண்டுக்கும் வீணைத் தந்தியையே விலை கொடுத்து வாங்கினேன். அதில் சிக்கனம் பார்த்தால் நாதம் போய்விடும்.

மீதிச் சுருளை எண்ணெய் தொட்ட காகிதத்தில் சுற்றி, ஈரம் இழுக்க ஒரு பிடி வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து, பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் மேல்தந்திகளைத் துடைக்கிறேன். அடியில் இருப்பவற்றுக்குக் கை நுழையாது. ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றி ஒவ்வொன்றாகத்தான் துடைக்க வேண்டியிருக்கிறது.