பெட்ரல் துப்பிய கட்டி

பிப்ரவரி 3, 2025, திங்கள்

கட்டியை இன்று உறைபெட்டியிலிருந்து எடுத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்து அறை முழுக்க வாடை: பழைய மீன் எண்ணெயில் மெழுகுவர்த்தியை உருக்கினால் எப்படியிருக்கும், அப்படி. மேலே சாம்பல் பூத்த ஓடு, உள்ளே மஞ்சள் மெழுகு, வரி வரியாக.

இது அண்டார்டிகாவின் பனிப் பெட்ரல் துப்பியது. புறாவைப் போன்ற வெள்ளைப் பறவை. அலகும் கண்ணும் மட்டும் கறுப்பு. பனிக்கு மேல் தலை நீட்டும் மலைகளில், பாறை இடுக்கில் ஒரே ஒரு முட்டை இடும். சில கூடுகள் கடலிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கின்றன. தின்ற இரையிலிருந்து வயிற்றில் எண்ணெய் சேரும். குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. முட்டையையும் குஞ்சையும் தின்னும் ஸ்குவாப் பறவை கிட்டே வந்தால் அதன் மேல் பீய்ச்சவும் அதுதான். சிந்தியது அந்தக் குளிரில், வறட்சியில் மட்காது. அதே இடுக்குக்கே தலைமுறை தலைமுறையாக வருவதால் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்துகொண்டே போகிறது.

பிப்ரவரி 4

அம்மா போனில்: "அது என்னடி பெட்ரோல் பறவை?" எண்ணெய் கக்குகிற பறவைக்கு அந்தப் பெயரும் பொருத்தம்தான் என்று விட்டுவிட்டேன். இந்தக் கட்டியை முமியோ என்கிறார்கள். மத்திய ஆசியாவில் பாறையில் கசியும் கருப்பு மருந்துப் பிசினின் பெயர் அது. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கன்மதம் என்று கேட்டால் தருவது. பார்வைக்கு ஒத்திருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்குக் கன்மதம் உடனே புரிந்தது. "அப்போ இதையும் சாப்பிடலாமா?" வேண்டாம்மா.

பிப்ரவரி 7

சொதப்பல். வெட்டிய துண்டுகளுக்கு எண் போட்டபோது தலைகீழாகப் போட்டுவிட்டேன். ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே நூறு ஆண்டும் இருக்கலாம், ஆயிரமும் இருக்கலாம். மேல் கீழ் மாறினால் காலமே பின்னோக்கி ஓடும். ஒரு பக்கத் துண்டில் பாறைத் துகள் ஒட்டியிருந்ததால் தப்பித்தேன். பாறையைத் தொட்டதுதான் அடி, அதுதான் பழையது. எல்லா எண்ணையும் அழித்து மாலை ஏழு வரை மறுபடி எழுதினேன்.

பிப்ரவரி 11

ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அண்டார்டிகாவைச் சுற்றிய கடற்பனியைச் செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளப்பது 1970-களின் கடைசியிலிருந்துதான். 2023 பிப்ரவரியில் அது 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது; அதுவரை அளந்ததிலேயே மிகக் குறைவு. செயற்கைக்கோள்களுக்கு முன்னால் என்ன நடந்தது? கடலடி மண் சொல்லும், ஆனால் கரையோரத்தில் பல இடங்களில் பனியுகப் பனித்தகடு முன்னேறி வந்து அதைச் சுரண்டிவிட்டது. கட்டி மலையில் இருந்ததால் பிழைத்தது.

பறவைக்கு இரை பிடிக்கத் திறந்த தண்ணீர் வேண்டும், அதுவும் கூட்டிலிருந்து பறந்து திரும்பும் தூரத்தில். ஆகவே கட்டி வளர்ந்த காலமெல்லாம் கோடையில் எங்கோ தண்ணீர் திறந்திருக்கிறது. எந்தக் கடல் என்பதைக் கொழுப்பு அமிலங்களும் நைட்ரஜன் ஐசோடோப்புகளும் (எடை மட்டும் வேறுபடும் நைட்ரஜன் அணுக்கள்) காட்டும்: கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரைத் தின்றால் கனமான நைட்ரஜன் குறைவு, மீன் தின்றால் கூடுதல். அண்டார்டிகாவின் ஹெய்மெஃப்ரண்ட்ஃபியெல்லா மலைக் கட்டி ஒன்றை ஆராய்ந்து 2022-இல் வந்த கட்டுரை, ஏறத்தாழ 30,000 முதல் 24,000 ஆண்டுகளுக்கு முன், கடற்பனி பரந்து கிடந்த காலத்திலும் அதன் நடுவே தண்ணீர் திறந்திருந்தது என்கிறது. அத்தகைய திறப்புக்குப் பாலின்யா என்று பெயர்.

எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. மீன் கூடியது என்றால் பனி மாறியதா, மீன் பெருகியதா? பறவையின் நாக்கு பனியளக்கும் கருவி அல்லவே. இரண்டு மூன்று மலைகளின் கட்டிகள் ஒரே கதையைச் சொன்னால்தான் நான் நம்புவேன்.

பிப்ரவரி 14

கரிமத்தை வைத்து வயதைக் கணிக்கும் கரிமக் காலக்கணிப்புக்குத் துண்டுகளைப் பொட்டலம் கட்டியாயிற்று. தென்கடலின் ஆழத்திலிருந்து மேலெழும் நீரில் கரிமம் பழையது. நேற்று செத்த பறவைகூட ஆயிரம் வயதுக்கு மேல் காட்டும். அதைக் கழிக்க வேண்டும்.

ஒன்பதாவது துண்டில் சிறு இறகு ஒன்று மெழுகுக்குள் மடிந்து கிடந்தது. வெள்ளை அப்படியே இருக்கிறது. அதையும் அனுப்பினால் எரித்துவிடுவார்கள். தனிக் குப்பியில் போட்டு, எண் எழுதாமல் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கேட்க வேண்டும்.