நான்கு ஞாயிறுகள், நான்கு இசைத்தட்டுகள்

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ஆல்பங்களில் எது தலையாயது என்று எனக்கும் அண்ணனுக்கும் நடக்கிற வழக்குக்கு வயது முப்பதுக்கு மேல். அவருக்கு 'தி வால்', எனக்கு 'விஷ் யூ வேர் ஹியர்'. கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவரைக் காத்திருக்க வைத்துப் பேசியிருக்கிறோம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த இரவுகளில் வராந்தாவில் நின்று தணிந்த குரலில் பேசியிருக்கிறோம். இரண்டு பேருமே இறங்கி வந்ததில்லை.

இந்த முறை வாதத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். 1973 முதல் 1979 வரை வெளிவந்த நான்கு ஆல்பங்களையும் வந்த வரிசையில், வாரத்துக்கு ஒன்றாகக் கேட்பது. எந்தப் பாட்டையும் தாண்டக் கூடாது. தட்டைத் திருப்பும் வரை வாய் திறக்கக் கூடாது. கைபேசி அடுத்த அறையில் இருக்க வேண்டும்.

அண்ணன் சரக்குக் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். லிவர்பூலிலும் ராட்டர்டாமிலும் பழைய தட்டுக் கடைகளில் வாங்கியவற்றையெல்லாம் தூத்துக்குடி வீட்டில் ஒரு தேக்கு அலமாரியில் நிறுத்தி வைத்திருக்கிறார். நான் பாளையங்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் போய்விடுவேன்.

முதல் ஞாயிறு முழுக்க டர்ன்டேபிளுக்கே போனது. பல ஆண்டுகளாகச் சுற்றாத இயந்திரம். தட்டு வைக்கும் வட்டைத் தூக்கினால், உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் உருகித் தார் போல மோட்டார்க் கப்பியில் ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அதைத் துடைத்தெடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. புது பெல்ட்டை மாட்டி, 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' தட்டை வைத்ததும் அண்ணன் கையை உயர்த்தினார். "சுதி இறங்கியிருக்கிறது." எனக்கு அது தெரியவில்லை. அவர் வட்டின் விளிம்பில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டினார். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்க்க, அவர் எண்ணினார். 97 வந்தது. மூன்று சுற்றுக் குறைவு என்றால் ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதி இறக்கம். அதைக் காதாலேயே பிடித்திருக்கிறார்! நடுத்தண்டின் குழிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மோட்டாரின் அடியில் இருந்த திருகை மயிரிழை அளவு திருப்பி, மறுபடி எண்ணினோம். 99. இன்னொரு மயிரிழை. 100. அதற்குள் இருட்டிவிட்டது, கேட்பது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. ஆக, உண்மையில் ஐந்து ஞாயிறுகள்.

'டார்க் சைடு' எனக்கு மனப்பாடம் என்றுதான் நினைத்திருந்தேன். கல்லூரியில் படித்தபோது, இதே தட்டை அண்ணனிடமிருந்து வாங்கிப் போய், கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற ஒரு கடையில் கொடுத்தேன். என்னிடம் இருந்தது 60 நிமிட கேசட், பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆல்பமோ 43 நிமிடம். கடைக்காரர் தட்டை ஓடவிட்டு, நாடா தீர்ந்த இடத்தில் நிறுத்தி, கேசட்டைத் திருப்பிப் போட்டு மிச்சத்தைப் பதிந்துவிட்டார். வெட்டு விழுந்தது 'அஸ் அண்டு தெம்' பாட்டின் நடுவில், சாக்சபோன் மேலே ஏறுகிற இடத்தில். அந்த வெட்டோடுதான் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கேட்டேன். பிறகு குறுந்தட்டு வந்தது, இணையம் வந்தது. அப்போதும் பிடித்த பாட்டுகளைத் தனித்தனியாகக் கேட்டேனே தவிர, இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடிகிற அந்த முழு ஓட்டத்தை ஒரே மூச்சில் கேட்டதே இல்லை.

இந்த முறை கேட்டேன். 'மணி' பாட்டின் தொடக்கத்தில் காசும் கல்லாப்பெட்டியும் கிழிபடும் காகிதமும் ஒலிப்பதைக் கையில் தாளம் போட்டு எண்ணினேன். ஏழு. ஒலிநாடாவை அளந்து துண்டு துண்டாக வெட்டி வளையமாக ஒட்டி அதைச் செய்திருக்கிறார்கள். நம் கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளமும் ஏழுதான், ஆனால் அதில் ஒரு சாய்வு இருக்கும். இது ஏழு அடியும் தரையில் ஊன்றி நடக்கிற ஏழு. குழுவின் கிடார்க் கலைஞர் கில்மோரின் வாசிப்பு புறப்படுகிற இடத்தில் தாளம் நாலுக்கு மாறியதும் பாட்டுக்குச் சிறகு முளைத்துவிடுகிறது. எத்தனையோ முறை கேட்ட பாட்டு. எண்ணிப் பார்த்தது இதுதான் முதல் முறை.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறொன்று. முதல் பக்கம் முடிகிற 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. குழுவில் கீபோர்டு வாசித்த ரிச்சர்டு ரைட்டின் பியானோ மேல் ஒரு பெண் குரல், சொல்லே இல்லாமல் அழுது, வெடித்து, அடங்குகிறது. பாடியவர் கிளேர் டோரி. சில மணி நேர வேலைக்கு அவருக்குக் கிடைத்தது 30 பிரிட்டிஷ் பவுண்டு. உறையில் பாடியவர் என்று அவர் பெயர் இருக்கிறது, இயற்றியவர் என்று ரைட்டின் பெயர் மட்டும். அந்த மெட்டு முழுவதும் தன் தொண்டையில் அந்த நேரத்தில் பிறந்தது என்று டோரி 2004இல் வழக்குப் போட்டார். மறு ஆண்டு சமரசமாகி, இப்போது இரண்டு பெயரும் சேர்ந்து வருகின்றன. அதுதான் நியாயம் என்று நான் முழு மனதாக நம்புகிறேன். ஆனால் அன்றைக்கு என் காது போனது குரலுக்குக் கீழே ஓடிய பியானோவுக்கு. தட்டைத் திருப்பியதும் 'மணி', அதை அடுத்து 'அஸ் அண்டு தெம்'. அதன் இசையும் ரைட்டுடையது. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனி தன் படத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பியானோத் துண்டிலிருந்து வளர்ந்த பாட்டு அது. என் கேசட்டில் அறுந்த இடம் அறுபடாமல் கடந்து போனபோது கண் கலங்கிவிட்டது. மதினி கருப்பட்டிக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

அன்றைய என் குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: "ரைட்டைக் கவனி."

அடுத்த வாரம் 'விஷ் யூ வேர் ஹியர்', 1975. என் கட்சி. ஜெயித்துவிடுவேன் என்றுதான் போனேன். 'ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்' தொடங்கி, எட்டு நிமிடத்துக்கு மேல் ஆன பிறகுதான் மனிதக் குரல் வருகிறது. அதற்கு முன்பே, ரைட் விரித்துவைக்கிற ஒலிப்படலத்தின் மேல் கில்மோர் நான்கு சுரங்களை மட்டும் வாசித்து நிறுத்துகிறார். அந்த நான்கு சுரத்திலிருந்துதான் பாட்டே பிறந்தது. குழுவைத் தொடங்கி, மனம் குலைந்து 1968இல் விலகிப்போன சிட் பாரெட்டைப் பற்றிய பாட்டு. 1975 ஜூன் 5 அன்று, லண்டன் ஏபி ரோடு ஸ்டூடியோவில் இவர்கள் இந்த ஆல்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, மொட்டைத் தலையும் மழித்த புருவமுமாகப் பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்தார். கூடவே வாசித்த நண்பர்களுக்குக்கூட அது பாரெட் என்று உடனே தெரியவில்லை. இந்தச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனத்துவிடும்.

இத்தனை ஆண்டும் நான் இந்த ஆல்பத்துக்காக வாதாடியது இரண்டு பாட்டை வைத்துத்தான். 'ஷைன் ஆன்' ஒன்று, தலைப்புப் பாட்டு இன்னொன்று. நடுவில் இருக்கிற 'வெல்கம் டு தி மெஷின்', 'ஹேவ் எ சிகார்' இரண்டையும் ஓட்டிவிடுவேன். அவை கம்பெனி முதலாளிகளைப் பற்றிய பாட்டுகள், எனக்கு எதற்கு என்று. விதி என்பதால் இந்த முறை ஓட்டவில்லை. அங்கேதான் எனக்கு இது பிடிபட்டது. ராய் ஹார்ப்பர் பாடிய 'ஹேவ் எ சிகார்' முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே, ஒலி சட்டென்று சுருங்கி, சின்ன டிரான்சிஸ்டருக்குள் போய் விழுந்துவிடுகிறது. யாரோ ரேடியோவைத் திருகுகிறார்கள். பேச்சு, சிம்பொனியின் ஒரு துணுக்கு, பிறகு அந்த ரேடியோவிலேயே ஒரு கிடார். அதைக் கேட்டபடி, அறையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் தன் கிடாரை எடுத்துக் கூடவே வாசிக்கிறார். ஒரு இருமல். மூச்சு. அப்படித்தான் தலைப்புப் பாட்டு தொடங்குகிறது. நான் எப்போதும் கிடாரிலிருந்தே தொடங்கியவள். அந்த ரேடியோ ஏன் அவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று யோசித்ததே இல்லை. முந்தைய பாட்டின் ஆரவாரம் இருந்தால்தான், ஓர் அறையில் ஒருவர் தனியாக இருக்கிறார் என்பது உறைக்கிறது. நான் வெட்டி எறிந்த பாட்டில்தான் எனக்குப் பிடித்த பாட்டின் கதவு இருந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஆல்பத்தின் கடைசி நிமிடங்கள் ரைட்டுக்கு விடப்பட்டிருக்கின்றன. 'ஷைன் ஆன்' பாட்டின் ஒன்பதாம் பகுதி அவர் இயற்றியது. ஒலி தேய்ந்து மறைகிற விளிம்பில், பாரெட் எழுதிய 'சீ எமிலி பிளே' பாட்டின் மெட்டை இரண்டு மூன்று நொடி வாசித்துவிட்டுப் போகிறார். அண்ணன் ஊசியைத் தூக்கி அந்த இடத்தை இரண்டாவது முறை வைத்தார். விதி மீறல்தான். நான் தடுக்கவில்லை.

'அனிமல்ஸ்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1977 ஜனவரியில் வந்தது. உறையில் லண்டன் பேட்டர்சீ மின்நிலையம், அதன் மேல் பறக்கும் பன்றி. படப்பிடிப்பின்போது அந்த ஊதிய பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு, ஹீத்ரோ விமானங்கள் போகிற வழியில் மிதந்து, இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் ஒரு பண்ணையில் போய் இறங்கிய கதையை அண்ணன் ஐம்பதாவது முறையாகச் சொன்னார். 17 நிமிடம் ஓடுகிற 'டாக்ஸ்' பாட்டில் கில்மோரின் கிடார் மிக உயர்ந்தது, அதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. என்னை உறுத்தியது உறையின் எழுத்து. ரைட்டுக்கு இயற்றியவர் என்று எங்கேயும் பெயர் இல்லை. பிங்க் ஃபிளாய்டு ஆல்பம் ஒன்றில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. ஆனால் 'ஷீப்' பாட்டு தொடங்குவதே அவருடைய மின்பியானோவில்தான். புல்வெளியில் பனி இறங்குகிற மாதிரி ஒரு வாசிப்பு. அதற்கு ஒரு பெயர் போடக்கூடாதா என்று கோபமாக வந்தது.

கடைசி வாரம் 'தி வால்'. இரண்டு தட்டு, நான்கு பக்கம், எண்பது நிமிடம். அண்ணன் தன் முறை என்று சட்டை மாற்றி வந்து உட்கார்ந்தார். உள்ளுறையில் அச்சிட்ட வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனவர், இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் நின்றார். 'வாட் ஷல் வி டூ நவ்' என்று ஒரு பாட்டின் வரிகள் இருக்கின்றன, தட்டில் பாட்டு இல்லை. இடம் போதாமல் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள், உறை அதற்குள் அச்சாகிவிட்டது. ஆல்பத்தின் கடைசியில் ஒரு குரல் பாதிக் கேள்வியோடு அறுந்துபோகிறது. அதன் மறுபாதி முதல் தட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. இதை அவர் எனக்கு எப்போதோ சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் முதல் தட்டை மறுபடி வைத்து, அந்த இரண்டு பாதியும் பொருந்துவதைக் கேட்டேன்.

'கம்ஃபர்டபிளி நம்' பாட்டில் கில்மோரின் இரண்டாவது கிடார் ஆவர்த்தனம் வந்தபோது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நானும்தான். அதற்கு நிகர் குறைவு. இருந்தாலும் நான் தேடியது கிடைக்கவில்லை. இந்த ஆல்பம் உருவாகிக்கொண்டிருந்தபோதே ரைட்டை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். பிறகு நடந்த 'தி வால்' கச்சேரிகளில் அவர் சம்பளத்துக்கு வாசித்தார்.

தட்டை உறையில் போட்டபடி அதை அண்ணனிடம் சொன்னேன். "நான்கையும் வரிசையாகக் கேட்டால், ஒரு மனிதர் வாரத்துக்கு வாரம் அறையைவிட்டு வெளியே போய்க்கொண்டே இருக்கிறார், அண்ணா."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "என் வாக்கு 'தி வால்' ஆல்பத்துக்குத்தான். ஆனால் இனிமேல், அதில் எல்லாம் இருக்கிறது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்" என்றார். என் வாக்கும் மாறவில்லை, காரணம் மாறிவிட்டது. முன்பு தலைப்புப் பாட்டின் வரிகளுக்காக. இப்போது அந்தக் கடைசி நிமிடங்களுக்காக. இரண்டாம் இடத்தை, நான் ஒருபோதும் கணக்கில் எடுக்காத 'டார்க் சைடு' பிடித்துக்கொண்டது.

போன ஞாயிறு அந்தப் பழைய கேசட்டைப் பரணிலிருந்து தேடி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் வீட்டு டேப்ரிக்கார்டர் இன்னும் ஓடுகிறது. நாடா தேய்ந்து, உச்ச ஒலிகள் மங்கியிருந்தன. 'அஸ் அண்டு தெம்' வந்தது, சாக்சபோன் ஏறியது, டக்கென்று அறுந்தது. நான் யோசிக்காமலே எழுந்துபோய்க் கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டேன். மிச்சச் சாக்சபோன் நடுவிலிருந்து தொடங்கியது.

"இத்தனை வருடமும் நீ கேட்டது இதைத்தானா?" என்றார் அண்ணன்.

"ஆமாம்" என்றேன். பாட்டு முடியும் வரை இருவரும் பேசவில்லை.