நீலாவின் ஒரே ஈத்து

முதல் தொலைபேசிப் பேச்சிலேயே அந்த அம்மா எனக்குப் பூனை தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

2018 ஆகஸ்ட் மாதம். நாங்கள் தாராபுரத்திலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இனத்தில் நீலம் என்று இவர்கள் சொல்லும் சாம்பல் நிறத்தில் பெண் குட்டி ஒன்று வாங்க வேண்டும், அவ்வப்போது ஓர் ஈத்து எடுத்து நல்ல வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த அம்மா டெர்பிஷையரில் முப்பது வருடமாக அந்த இனத்தை வளர்ப்பவர். நாற்பது நிமிடம் என்னைக் கேள்வி கேட்டார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? நள்ளிரவில் வயிற்றைக் கிழித்துக் குட்டி எடுக்க வேண்டி வந்தால் அந்த நிமிடமே ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு கட்ட முடியுமா? நான் விற்ற பூனை எட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தால் எந்த அறையில் வைப்பேன்? கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விற்ற பூனை ஏன் திரும்பி வர வேண்டும் என்றுதான் யோசித்தேன்.

"முதலில் ஒரு பூனையோடு வாழ்ந்து பாருங்கள்" என்றார். அந்த டிசம்பரில் அவரிடமே கருத்தடை செய்த ஆண் குட்டி ஒன்றை வாங்கினோம். பெயர் சாம்பு.

சாம்புவின் காகிதங்களில்தான் இந்த உலகம் எப்படி நடக்கிறது என்பது புரிந்தது. பிரிட்டனில் வம்சப் பூனைகளின் பெரிய பதிவகம் 1910இல் தொடங்கிய ஜி.சி.சி.எஃப். அதில் குட்டியை ஆக்டிவ், நான்-ஆக்டிவ் என்று இரண்டு விதமாகப் பதியலாம். நான்-ஆக்டிவ் என்றால், அந்தப் பூனைக்குக் குட்டி பிறந்தாலும் அதைப் பதிய முடியாது. எந்தப் பூனை இனத்தைத் தொடரலாம் என்பதை அதை வளர்த்தவர்தான் முடிவு செய்கிறார். பணம் மட்டும் கொடுத்து ஆக்டிவ் பூனை வாங்கிவிட முடியாது, கொடுப்பவருக்கு நம்பிக்கை வர வேண்டும்.

அந்த நம்பிக்கை வர ஒரு வருடம் ஆனது. டெர்பிஷையர் அம்மாவோடு கண்காட்சிகளுக்குப் போய்க் கூண்டு துடைத்தேன், நடுவர்கள் பேசுவதைக் கேட்டேன். 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பெரிய பூனைக் கண்காட்சியை ஏற்பாடு செய்த ஹாரிசன் வெயர், பூனைகளின் நலத்தைவிடப் பதக்கம்தான் எல்லோருக்கும் பெரிதாகிவிட்டது என்று பின்னாளில் மனம் வெறுத்து விலகினார் என்பதை அந்த அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அவருடைய சுவரில் வெயரின் படம் இருக்கிறது.

ஒருநாள் காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பூனையைப் பற்றி ஆசையாகக் கேட்டேன். என் அக்கா மகள் கோவையிலிருந்து தினமும் அதன் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. 1961இல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷையரில் ஒரு பண்ணையில் கண்ட பூனையிலிருந்து வந்த வம்சம் அது. காதை மடிக்கும் அதே மரபணு மாற்றம் உடல் முழுக்கக் குருத்தெலும்பையும் எலும்பையும் கெடுக்கிறது. வால் விறைத்துப்போகும், கணுக்கால் வீங்கும், குதிக்கவே வலிக்கும். ஜி.சி.சி.எஃப். அந்த இனத்தை 1970களிலேயே பதியாமல் நிறுத்திவிட்டது. "அது அசையாமல் உட்கார்ந்திருப்பதை எல்லோரும் சாது என்கிறார்கள்" என்றார். அன்று முதல் அந்தப் படங்களை என்னால் ரசிக்க முடியவில்லை.

2019 செப்டம்பரில் நீலா வந்தாள், ஆக்டிவ் பதிவோடு. ஒரு வயது நிறையும் முன் இணை சேர்க்கக் கூடாது, இரண்டு வருடத்தில் மூன்று ஈத்துக்கு மேல் கூடாது, எல்லாச் சோதனைகளும் முடியாமல் பேச்சே கிடையாது என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

முதலில் சிறுநீரகம். இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகும் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் பூனைகள் மிகவும் குறைந்துபோனதால், இனத்தைக் காப்பாற்றப் பெர்சியனோடு கலந்தார்கள். பெர்சியனிடமிருந்து சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வளரும் பி.கே.டி. நோயும் கூடவே வந்துவிட்டது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடம் அந்த மரபணு இருந்தாலே குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு வரும். நல்ல வேளையாக, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். நீலாவுக்கு இல்லை.

இருதயம் அப்படி இல்லை. இருதயத் தசை தடித்துப்போகும் எச்.சி.எம். நோய்க்கு மெய்ன் கூன், ராக்டால் இனங்களில் மரபணுச் சோதனை உண்டு, இந்த இனத்துக்கு இல்லை. இருதய மருத்துவரிடம் எக்கோ ஸ்கேன்தான் வழி. அதுவும் அன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், அடுத்த வருடத்துக்கு உத்தரவாதம் தராது. நீலாவின் ஸ்கேன் சுத்தமாக வந்தது.

அப்புறம் ரத்த வகை. இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பெரிய தவறு செய்ய இருந்தது இங்கேதான்.

ஒரு கண்காட்சியில் பார்த்த ஆண் பூனை மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை. அகன்ற முகம், செம்பு நிறக் கண்கள், பட்டங்கள் நிறைய. அதன் சொந்தக்காரரும் சம்மதித்துவிட்டார். ஆனால் நீலாவின் ரத்தம் பி வகை என்று முடிவு வந்தது. அந்த ஆண் ஏ வகை. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரில் பி வகை நிறைய உண்டு. சயாமீஸ் இனப் பூனைகளில் கிட்டத்தட்ட எல்லாமே ஏ. பி வகைப் பூனைக்குப் பிறவியிலேயே ஏ ரத்தத்தை அழிக்கும் எதிர்ப்பொருள் பலமாக இருக்கும், அது சீம்பாலில் இறங்கும். ஏ வகை ஓங்கிய குணம் என்பதால் குட்டிகளில் பாதியோ எல்லாமோ ஏ ஆகப் பிறக்கும். பிறக்கும்போது கொழுகொழுவென்று இருக்கும் குட்டி, தாயிடம் குடித்த பிறகு சோர்ந்து, சிறுநீர் சிவந்து, ஓரிரு நாளில் இறந்துபோகும்.

எங்கள் ஊரில் மாடு கன்று போட்டால், வேறு எதையும் பார்க்கும் முன் கன்றைச் சீம்பால் குடிக்க விடு என்பார் அப்பாரு. சீம்பால் குடிக்காத கன்று தேறாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதே சீம்பால் இங்கே குட்டியைக் கொல்லும் என்று படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழி இல்லாமல் இல்லை. முதல் 24 மணிநேரம் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்து, குடல் அந்த எதிர்ப்பொருளை ஏற்காத நிலைக்கு வந்ததும் திரும்ப விடலாம். சில அனுபவசாலிகள் செய்கிறார்கள். ஆனால் தலையீற்றில், குட்டியைத் தேடிக் கத்தும் தாயிடமிருந்து அவற்றைப் பிரித்து வைப்பது எதற்காக என்று டெர்பிஷையர் அம்மா கேட்டார். எனக்குப் பிடித்த முகத்துக்காக என்பதுதான் உண்மையான பதில், அதைச் சொல்ல வாய் வரவில்லை. செம்புக் கண்ணனை விட்டுவிட்டேன். பி வகை ஆணைத் தேடியதில் இன்னும் ஏழு மாதம் போனது. கிடைத்தவனுடைய வம்ச வரிசையையும் நீலாவுடையதையும் பக்கத்தில் வைத்து, எத்தனை முன்னோர் இரண்டிலும் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். பொலிகாளையைத் தேர்ந்தெடுக்க அப்பாரு ஊர் ஊராகப் போய் அதன் தாய்ப் பசுவை விசாரிப்பார். அந்த வேலைதான் இதுவும்.

இதற்கிடையில் ஊரடங்குக் காலம் வந்தது. பூனைக்குட்டி கேட்டு வந்த அழைப்புகளுக்கு அளவில்லை. ஒருவர் பிறக்காத குட்டிக்கு இரண்டு மடங்கு பணம் அனுப்புகிறேன், வந்து பார்க்கக்கூட வேண்டாம் என்றார். அவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று அப்போதே சொன்னேன். வந்து பார்க்க விரும்பாதவர் வீட்டில் குட்டி எப்படி இருக்கும்?

2021 மே மாதம் நீலாவை அந்த பி வகை ஆண் இருந்த யார்க்ஷையருக்கு அழைத்துப் போனோம். எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. வைரஸ் சோதனை முடிவுகள் கையில் இல்லாமல் அந்த வீட்டுக் கதவே திறக்காது. நான்கு நாள் அங்கே இருந்தாள். மூன்றாம் வாரம் காம்புகள் சிவந்தன.

65ஆம் நாள், அதிகாலை இரண்டே காலுக்கு முதல் குட்டி. ஐந்து பிறந்தன. நான்காவது மூச்சுவிடவில்லை. துண்டால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே, ஸ்பீக்கரில் இருந்த டெர்பிஷையர் அம்மா சொல்லச் சொல்ல மூக்கையும் வாயையும் துடைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீச்சென்று ஒரு சத்தம் வந்தபோது என் கணவர் அழுதுவிட்டார். அந்தக் குட்டிதான் குறிஞ்சி. 78 கிராம். மற்றவை எல்லாம் நூறை ஒட்டி இருந்தன. ஐந்தும் நீலாவின் வயிற்றில் முட்டி முட்டிச் சீம்பால் குடித்ததைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தினமும் சமையலறைத் தராசில் எடை. நாளுக்குப் பத்து கிராம் ஏற வேண்டும். இரண்டாம் நாள் குறிஞ்சி நான்கு கிராம் இறங்கினாள். இரண்டு மணிக்கொருமுறை புட்டிப்பால், ஐந்து நாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

13 வாரம் ஆகாமல் குட்டி வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பது ஜி.சி.சி.எஃப். விதி. 9ஆம் வாரம் ஒரு தடுப்பூசி, 12ஆம் வாரம் இன்னொன்று, அதன் பிறகு ஏழு நாள். ஊசிக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். எட்டு வாரத்துக்கு மேல் நீலா செய்ததைப் பார்த்ததும் எண்ணம் மாறியது. கடி வலித்தால் திருப்பித் தட்டுவாள், மண் தட்டில் கழிவை மூடக் கற்றுக்கொடுப்பாள், சண்டையில் எப்போது விட்டுவிட வேண்டும் என்று காட்டுவாள். எட்டு வாரத்தில் பிரித்து விற்பவர்கள் இதையெல்லாம் குட்டியிடமிருந்து பறிக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று எங்கள் கவுன்சிலிலும் கேட்டேன். வியாபாரமாகச் செய்தால் விற்பனை உரிமம் வேண்டும். 2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது. நாய் வளர்ப்போருக்கு இருப்பதுபோல் பூனை வளர்ப்போருக்கென்று தனி உரிமம் இல்லை. ஸ்காட்லாந்தில் 2021 முதல், வருடத்துக்கு மூன்று ஈத்து எடுத்தால் உரிமம் உண்டு. இங்கேயும் அது வர வேண்டும். பதிவகத்தின் விதிகள் அதில் சேர்ந்தவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். மற்றவர்கள் வீட்டுப் பூனைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

இப்போது நாற்பது நிமிடக் கேள்விகளைக் கேட்கும் முறை என்னுடையது. பதினொரு குடும்பங்கள் வந்து நீலாவோடு குட்டிகளைப் பார்த்தன. நான்கு பேருக்குச் சரி என்றேன். எந்த நிலையிலும், எந்த வயதிலும் பூனை முதலில் என்னிடமே திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினேன். நான்கு குட்டிகளும் கருத்தடை செய்து, சிப் வைத்து, நான்-ஆக்டிவ் பதிவோடு போயின. குறிஞ்சியை இனத்தைத் தொடர என்று நான் வைத்துக்கொண்டேன், ஆக்டிவ் பதிவோடு.

2023 பிப்ரவரியில் குறிஞ்சியின் ஸ்கேன். இடது கீழறைச் சுவர் 6 மில்லிமீட்டரைத் தொட்டாலே எச்.சி.எம். என்பார்கள். அவளுக்கு 6.7. மருத்துவர் திரையைக் காட்டிப் பேசினார், எனக்கு எதுவும் காதில் விழவில்லை. அந்த வாரமே நீலாவையும் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். சுத்தம். ஒரு சுத்தமான ஸ்கேன் இருக்கிறதே, நீலாவை இன்னோர் ஆணோடு சேர்க்கலாமே என்று ஒருவர் சொன்னார். நோய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாதபோது எப்படிச் சேர்ப்பது? நீலாவுக்கு அடுத்த மாதம் கருத்தடை. மருந்துகளால் இருதயத்தின் நிலை சீரான பிறகு, மருத்துவரே மயக்க மருந்தைப் பார்த்துக் கொடுத்து, குறிஞ்சிக்கும்.

அதைவிடக் கடினமாக இருந்தது தொலைபேசி. முதலில் யார்க்ஷையர். ஆண் பூனையின் சொந்தக்காரர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இன்றே நிறுத்துகிறேன்" என்றார். அவர் பூனைக்கு எடுத்த ஸ்கேன்களும் வருடாவருடம் சுத்தமாகவே வந்தவை. ஆனாலும் நிறுத்தினார். அடுத்து நான்கு வீடுகள். ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன், ஸ்கேன் செலவில் பாதி என்னுடையது என்றேன். ஒருவர் கோபப்பட்டார், அவருக்கு அந்த உரிமை உண்டு. ஒரு பாட்டி, "சொன்னதற்கு நன்றி, வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்று அழுதார். நான்கு பேரும் ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று சுத்தம். ஒன்றுக்கு எல்லைக்கோட்டில், 5.6.

கோபப்பட்டவர் வீட்டுப் பூனைதான் அது. சென்ற வருடம் அவருக்கு வேலை போய், சின்ன வீட்டுக்கு மாற வேண்டி வந்தபோது அவரே அழைத்தார், ஒப்பந்தத்தில் எழுதியது இன்னும் இருக்கிறதா என்று. மறுநாளே போய்க் கூட்டி வந்தேன். சாம்புவின் அறையில்தான் இருக்கிறான். குறிஞ்சிக்குக் காலையும் மாலையும் மாத்திரை. இருவருக்கும் அடுத்த ஸ்கேன் நவம்பர் முதல் வாரம்.