குளிர வைத்த விளக்கு

எங்கள் வீட்டில் விளக்கை 'அணை' என்று யாரும் சொல்லக் கூடாது. 'குளிர வை' என்பார் பாட்டி. சில நாட்களில் 'மலையேற்று' என்பார். வாயால் ஊதுவது பெருங்குற்றம். திரியின் நுனியை மெல்ல எண்ணெய்க்குள் இழுத்துவிட வேண்டும். அது ஓசையின்றி அடங்கும் வரை அருகில் நிற்க வேண்டும். விளக்கு அணைவது என்றாலே ஏதோ தீங்கு என்ற அச்சத்தோடு வளர்ந்த எனக்கு, அணைவதையே தன் மிக உயர்ந்த நிலைக்குப் பெயராகச் சூட்டிக்கொண்ட பௌத்த சமயம் விளக்கேற்றி வழிபடுவது நெடுநாள் விளங்காத புதிராக இருந்தது. நிப்பான, நிர்வாணம் என்ற சொற்களை 'வீடுபேறு' என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டதால் அவற்றின் நேர்ப்பொருள் மறந்துபோகிறது. நெருப்பு அவிந்துபோவதற்கு வழங்கிய சாதாரணச் சொல்தான் அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போயா (முழுநிலா) நாள் மாலையில், இலங்கையின் அனுராதபுரத்தில் ருவன்வெலிசாய என்ற பெருந்தூபியின் முன் நின்றிருந்தேன். வெள்ளுடை அணிந்த குடும்பங்கள் மணற்பரப்பில் வெறுங்காலுடன் நடந்து வந்தன. ஒரு பெண்மணி சிறு மண் அகல்களை வரிசையாக வைத்துத் தேங்காய் எண்ணெய் ஊற்றினார். பேத்தி திரிகளை இட்டாள். பற்ற வைத்தபின் இருவரும் கைகூப்பி, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இரண்டு அடிகளைச் சொன்னார்கள். கற்பூரத்தால் சுடர்ந்து இருளை அழிக்கும் இந்த விளக்கினால், மூவுலகிற்கும் விளக்கானவரும் இருளை நீக்குபவருமான புத்தரைப் பூசிக்கிறேன் என்பது அவற்றின் பொருள். அகலில் இருந்தது தேங்காய் எண்ணெய்; பாடலில் இருந்தது கற்பூரம். அந்த முரண் அங்கிருந்த யாரையும் உறுத்தவில்லை, என்னையும் உறுத்தவில்லை. மலர் வைக்கும்போது சொல்லும் பாடலை நான் முன்பே அறிவேன்: இந்த மலர் வாடுவது போலவே என் உடலும் அழிவை நோக்கிச் செல்கிறது என்று அது நேராகவே நிலையாமையைப் பேசிவிடும். விளக்குப் பாடலில் அப்படி எதுவும் இல்லை. அது ஒளியை மட்டுமே பாடுகிறது. பாடி முடித்து எழுந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். எண்ணெய் தீர்ந்து அகல்கள் ஒவ்வொன்றாக அவியும் நேரத்தில் அங்கே அவர்கள் இருக்கப்போவதில்லை.

ஒளியின் பக்கத்தைப் புரிந்துகொள்வது எளிது. சோறு கொடுப்பவர் வலிமையைக் கொடுக்கிறார், ஆடை கொடுப்பவர் அழகைக் கொடுக்கிறார், ஊர்தி கொடுப்பவர் சுகத்தைக் கொடுக்கிறார், விளக்குக் கொடுப்பவர் கண்ணைக் கொடுக்கிறார் என்று, புத்தர் உரைகளின் பாலித் தொகுப்பான சங்யுத்த நிகாயத்தின் ஒரு சிறு பாடல் சொல்கிறது. சாரநாத்தில் நிகழ்த்திய முதல் பேருரையில் தம் ஞானத்தை விவரிக்கும்போது, கண் தோன்றியது, அறிவு தோன்றியது, ஒளி தோன்றியது என்றே புத்தர் அடுக்கிச் செல்கிறார். தெய்விகக் கண் பெற்ற சீடர்களில் தலைசிறந்தவராகக் கருதப்படும் அனுருத்தர், முன்னொரு பிறவியில் பதுமுத்தர என்ற முற்காலப் புத்தரின் தூபிக்கு விளக்குகள் ஏற்றிய பயனால் அதைப் பெற்றார் என்பது மரபு. நல்ல பார்வைக்காக விளக்கேற்றுவதாகச் சொல்லும் பக்தர்களை நான் மேலோட்டமானவர்கள் என்று ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. அவர்களுக்குப் பின்னால் இத்தனை பழைய நூல்வழக்கு இருப்பதை அப்போது அறியவில்லை.

ஆனால் அவிந்துபோன ஒருவருக்கு விளக்கு எதற்கு? இந்தக் கேள்வியை மிலிந்த மன்னன் நாகசேனர் என்ற பிக்குவிடம் கேட்டதாக மிலிந்தபஞ்ஹ என்ற பாலி நூல் பதிவு செய்கிறது. பரிநிர்வாணம் அடைந்த, அதாவது இறந்து முழுதாக அவிந்த, புத்தர் பூசையை ஏற்றுக்கொள்கிறார் என்றால் அவர் இன்னும் முழுதாக விடுபடவில்லை. ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் பூசை வீண் என்பது மன்னன் போட்ட முடிச்சு. நாகசேனர் நெருப்பையே எடுத்துக்காட்டாக்குகிறார். கொழுந்துவிட்டு எரிந்து அவிந்த பெருநெருப்பு இனிப் புல்லையும் விறகையும் ஏற்காது. அதனால் உலகில் நெருப்பே இல்லாமற் போய்விடுவதில்லை. வேண்டியவர் தம் முயற்சியால் கடைந்து நெருப்பை உண்டாக்கிக்கொள்ளலாம். பூசையும் அப்படியே, பெறுபவர் இல்லாமலே பயன் தருவது என்கிறார். தம் இறுதி நாளில் குசிநாராவில் சால மரங்கள் பருவமின்றிப் பூத்துத் தம் உடல்மேல் சொரிந்தபோதும், இதனால் ததாகதர் (புத்தர் தம்மைக் குறிக்கும் பெயர்) உண்மையில் போற்றப்படுவதில்லை, அறத்தின்படி நடப்பவரே அவரைப் போற்றுகிறார் என்று புத்தர் ஆனந்தரிடம் சொன்னார். பொருளால் செய்யும் பூசையை ஆமிச பூசை என்றும், நடத்தையால் செய்யும் பூசையைப் படிபத்தி பூசை என்றும் பௌத்தர்கள் இன்றும் பிரித்தே பேசுகிறார்கள். ஆக, அகல் விளக்கு புத்தரின் முன்னால் வைக்கப்பட்டாலும் அது பேசுவது ஏற்றியவரிடம்தான்.

என்ன பேசுகிறது என்பதை எனக்குக் கற்பித்தவர் படாசாரை. கணவன், இரு குழந்தைகள், பெற்றோர், உடன்பிறந்தவன் என எல்லோரையும் அடுத்தடுத்து இழந்து, சித்தம் கலைந்து, சாவத்தியில் புத்தரைக் கண்டு தெளிந்து பிக்குணியானவர் அவர். பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் அவர் பெயரால் உள்ள பாடல்கள் ஐந்தே. ஒழுக்கம் குன்றாமல் ஆசிரியர் சொற்படி நடந்தும் எனக்கு ஏன் விடுதலை கிட்டவில்லை என்ற ஏக்கம் முதலில் வருகிறது. பிறகு ஒரு மாலையில் கால் கழுவுகிறார். கழுவிய நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடுவதைப் பார்க்கிறார். நல்ல சாதிக் குதிரையைப் பழக்குவது போல மனத்தை ஒருமுகப்படுத்துகிறார். விளக்கை எடுத்துக்கொண்டு அறைக்குள் போகிறார். படுக்கையைப் பார்க்கிறார், கட்டிலில் அமர்கிறார். ஓர் ஊசியை எடுத்துத் திரியைக் கீழே இழுக்கிறார். விளக்கு அவிந்தது போலவே மனத்திற்கு விடுதலை உண்டாயிற்று என்று பாடல் முடிகிறது.

இதைப் படித்த அன்று பாட்டியின் விரல்கள் நினைவுக்கு வந்தன. திரியை எண்ணெய்க்குள் இழுக்கும் அதே அசைவு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு பாடலில், ஞானம் பெறும் கணத்தில், ஒரு பெண் தன் அறையில் இரவுதோறும் செய்யும் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார். வானத்தில் அதிசயம் நிகழவில்லை, தேவர்கள் வரவில்லை. பௌத்த இலக்கியத்தில் விளக்கைப் பற்றி எழுதப்பட்ட அனைத்திலும் இதற்கு இணையாக ஒன்று எனக்கு இதுவரை அகப்படவில்லை.

எண்ணெயும் திரியும் இருக்கும்வரை விளக்கு எரியும். எண்ணெய் ஊற்றாமலும் திரியைத் தூண்டாமலும் விட்டால் உணவின்றி அவியும். வேட்கையும் அப்படியே என்று சங்யுத்த நிகாயத்தில் புத்தர் விளக்குகிறார். எரிபொருளுக்கும் மனத்தின் பற்றுக்கும் பாலியில் உபாதானம் என்ற ஒரே சொல் வழங்குவதால் இந்த உவமை அம்மொழியில் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. தமிழும் இதில் பின்தங்கவில்லை. தீ பற்றுகிறது என்கிறோம். உலகப் பற்று என்கிறோம். துன்பத்தின் காரணத் தொடராகிய பன்னிரு நிதானங்களைத் தமிழில் அடுக்கிய மணிமேகலை, வேட்கைக்கு அடுத்ததாகிய உபாதானத்தைப் 'பற்று' என்றே தந்தது எத்துணைப் பொருத்தம்! அவிதல் என்ற சொல்லும் அப்படித்தான். விளக்கு அவிந்தது என்பதில் நாம் கேட்பது இழப்பு. ஆனால் புறநானூற்றில் பிசிராந்தையார் தம் ஊர்ச் சான்றோரை 'ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர்' என்கிறார். நிறைந்து, அவிந்து, அடங்கியவர்கள். அங்கே அவிதல் நிறைவுக்குப் பின் வரும் அமைதி. பிசிராந்தையார் பௌத்தர் என்று நான் சொல்ல வரவில்லை. நிர்வாணத்தை அச்சமின்றிச் சொல்ல நம்மிடம் ஒரு சொல் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

இலங்கையில் பிரித் எனும் காப்புப் பாடல்களை ஓதும் இரவுகளில் இரத்தன சூத்திரம் தவறாது ஓதப்படும். பழைய வினை தேய்ந்தது, புதிய பிறப்பு இல்லை, ஞானிகள் இந்த விளக்கைப் போல அவிகிறார்கள் என்ற அடிகள் அதன் இறுதிப் பகுதியில் வருகின்றன. 'இந்த விளக்கு' என்று சுட்டுச்சொல் இருப்பதால், வைசாலியில் இது சொல்லப்பட்ட கணத்தில் அருகிருந்த ஒரு விளக்கு அவிந்தது என்று உரை விளக்கம் தருகிறது. அகல் முன் பாடும் பாடலில் நான் தேடிக் காணாத மறுபாதி இங்கே இருந்தது. மாலையில் ஒளியைப் பாடுகிறார்கள், இரவில் அவிதலை ஓதுகிறார்கள்.

இடையில் ஒரு சிறு குறை. 'உனக்கு நீயே விளக்காக இரு' என்ற புத்தர் வாக்கு தமிழில் வாழ்த்து அட்டைகள் வரை வந்துவிட்டது. பாலியில் தீப என்ற சொல் விளக்கையும் தீவையும் ஒருங்கே குறிக்கும். பழைய உரை அந்த இடத்தில் தீவு என்றே பொருள் கொள்கிறது: வெள்ளத்தில் கால் ஊன்ற உதவும் மேடு. விளக்கு என்று கொள்வதும் அழகுதான். அதுவே ஐயமற்ற பொருள் என்று எழுதுவதுதான் சரியில்லை.

இனி இதற்கு நேர்மாறான ஒரு கதை. வட பௌத்த மரபில் பெரிதும் சொல்லப்படும் நந்தா என்ற ஏழைப் பெண்ணின் கதை அது. பிச்சையெடுத்த ஒரே காசுக்கு எண்ணெய் வாங்கி, எல்லா உயிர்களின் இருளையும் நீக்கும் ஞானம் பெற வேண்டும் என்று வேண்டி அவள் ஒரு விளக்கு ஏற்றினாள். விடிந்தபின் செல்வர்களின் விளக்குகள் எல்லாம் அவிந்திருக்க, அது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பகலில் விளக்கு எதற்கு என்று புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் கையால் வீசிப் பார்த்தார், ஆடையால் வீசிப் பார்த்தார், அவியவில்லை. கடல் நீர் முழுவதையும் கொட்டினாலும் அதை அவிக்க முடியாது என்றார் புத்தர். படாசாரையின் விளக்கு அவிந்ததால் பொருள் பெற்றது. நந்தாவின் விளக்கோ அவியாததால். இரண்டையும் ஒரே சமயத்தில் எப்படி ஏற்பது என்று நான் குழம்பியதுண்டு. தனக்காகப் பற்றிய நெருப்பு அவிய வேண்டும், பிறருக்காக ஏற்றியது நிற்க வேண்டும் என்று இப்போது புரிந்துகொள்கிறேன். எல்லா உயிர்களும் விடுபட உழைப்பேன் என்ற மகாயானத்தின் போதிசத்துவ நோன்பு இதற்கு வெகு தொலைவில் இல்லை. விமலகீர்த்தி சூத்திரம் இதையே 'வற்றாத விளக்கு' என்கிறது. ஒரு விளக்கிலிருந்து நூறாயிரம் விளக்குகளை ஏற்றினாலும் முதல் விளக்கு குறைவதில்லை.

ஜப்பானில் ஹியெய் மலையின் என்ரியாகுஜி மடத்தில், அதை 788இல் நிறுவிய சாய்ச்சோ ஏற்றியதாகச் சொல்லப்படும் அவியா விளக்கு இன்றும் எரிகிறது. 1571இல் ஓடா நோபுநாகா என்ற போர்த்தலைவர் அம்மலையின் மடங்களைக் கொளுத்தியபோது அது அங்கே அவிந்துபோனது. நல்வினையாக, அதற்கு முன்பே அதிலிருந்து பிரித்து வடக்கே யாமதேரா மடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட சுடர் இருந்தது. அதிலிருந்து மீண்டும் ஏற்றினார்கள். ஊரையே எரித்த நெருப்பு, கிண்ணத்தளவு சுடர் ஒன்றை அவித்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இது அதே விளக்கா என்று கேட்டால் நாகசேனரின் இன்னொரு விடை உதவும்: முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடை யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றல்ல, வேறுமல்ல.

இந்த அவியா விளக்கு நமக்கு அயலானதும் அன்று. திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரையில், இராசராசப் பெரும்பள்ளி என்று சோழர் காலத்தில் பெயர் பெற்ற பௌத்தப் பள்ளியில், 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. சிவன் கோயிலுக்கு எழுதுவது போன்ற நடையிலேயே, புத்தர் முன் எரியும் நந்தா விளக்குக்காகத் (நந்தா என்றால் இங்கே அவியாத என்று பொருள்) தமிழர் அளித்த கொடைகளை அவை சொல்கின்றன. தமிழகக் கோயில்களில் ஒரு நந்தா விளக்கிற்குச் சாவா மூவாப் பேராடு 96 விடுவது வழக்கம். ஆடுகள் செத்தாலும் குட்டிகளால் கணக்கு நிரம்பிக்கொண்டே இருக்கும் என்பதால் அப்பெயர். சாவதும் பிறப்பதுமான மந்தையின் நெய்யில் அவியாச் சுடர் நிற்கிறது. இதைவிடப் பௌத்தமான ஏற்பாட்டைப் பௌத்தர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

ருவன்வெலிசாயவில் அன்று நான் இருட்டும் வரை இருந்தேன். தாது கோபுரத்தின்மேல் மின்விளக்குகள் எரிந்தன. அவற்றின்மேல் எனக்குப் பகையில்லை, ஆனால் அவற்றில் தீர்ந்துபோக எதுவும் இல்லை. கீழே, அந்தப் பெண்மணி வைத்த வரிசையில் முதல் அகல் படபடத்து, ஒருமுறை உயர்ந்து, அவிந்தது. சற்று நேரத்தில் துப்புரவு செய்யும் ஒருவர் தகர வாளியுடன் வந்தார். அவிந்த அகல்களை மட்டும் எடுத்துக் கரிந்த திரிகளை உதறி அடுக்கினார். எரிந்துகொண்டிருந்தவற்றைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போனார்.